காலை விழுங்கிய காற்புள்ளி

சாலிடர் மேசை: வாசகர் கேள்வி பதில்

சர்க்கரை ஆலை ஒன்றில் 31 வருடம் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டு, இப்போது தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் ஓய்வாக இருக்கும் நம் அங்கிள் இந்த மாதமும் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் அங்கிள். தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயில் தேரில் ஓடும் விளக்கு போடலாம் என்று ஒரு சின்ன போர்டு செய்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, ஒரு யுஎல்என்2003 ஐசி (எல்இடி வரிசைகளை எரிய, அணைய வைக்கும் பதினாறு கால் சில்லு), ஏழு வரிசை எல்இடி. அவ்வளவுதான். போர்டு வரைய மச்சான் கொடுத்த ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் புது லேப்டாப் வாங்கி, அதே மென்பொருளைப் போட்டு, அதே ஃபைலைத் திறந்தேன். தடங்கள் (கால்களை இணைக்கும் செம்புக் கோடுகள்) கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது, மற்றபடி கண்ணுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. டோனரில் அச்செடுத்து, ஃபெரிக் குளோரைடில் அரித்து, துளையும் போட்டுவிட்டேன். ஐசி உட்காரவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கக் கால் நுழைந்தால் மறுபக்கக் கால் வெளியே நிற்கிறது. இன்னொரு போர்டு செய்தேன், அதுவும் அப்படித்தான். பிரிண்டர் சதி என்று நினைத்து மச்சான் வீட்டு பிரிண்டரில் எடுத்துப் பார்த்தேன். அதே கதை. சில இடங்களில் தடம் ஐசி காலைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

இதற்குமேல் ஒரு விசித்திரம். கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகனுக்கு ஃபைலை மெயிலில் அனுப்பினேன். "நல்லாத்தானே இருக்கு மாமா" என்றான். மறுநாள் இங்கே ஒரு ரெசிஸ்டரை நகர்த்தி, சேவ் செய்து, திரும்ப அனுப்பினேன். இப்போது அவனுக்கும் கோணல். இது வைரஸா?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: வைரஸ் இல்லை தம்பி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

கடிதத்தைப் படித்ததும் இவருக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "போர்டில் ஐசிக்குப் போட்ட எட்டுத் துளைகள் ஒரு வரிசையில் இருக்குமே, பக்கத்துப் பக்கத்துத் துளைக்கு இடையே எவ்வளவு தூரம் என்று வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள்" என்றேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். சுமாராக 2, 3, 2, 3, 2, 3, 2 மில்லிமீட்டர். இரண்டு வரிசைக்கும் நடுவே 7.

இந்த ஏழு எண்களிலேயே விடை இருக்கிறது. பிரிண்டர் கோளாறு என்றால் எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் சுருங்கும். ஐசியின் கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர்; அது இருக்க வேண்டிய இடமெல்லாம் 2.4 ஆகும், அல்லது 2.3 ஆகும். இரண்டும் மூன்றுமாக மாறி மாறி வர எந்தப் பிரிண்டருக்கும் தெரியாது. இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் காலை 0 என்று வைத்தால், மற்ற கால்கள் நிற்க வேண்டிய இடம் 2.54, 5.08, 7.62, 10.16, 12.70, 15.24, 17.78. புள்ளிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். 0, 2, 5, 7, 10, 12, 15, 17. இடைவெளி 2, 3, 2, 3, 2, 3, 2. வரிசைக்கு வரிசை இருக்க வேண்டிய 7.62 வெறும் 7 ஆகிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள்: பக்கத்து முழு எண்ணுக்குத் திருத்தியிருந்தால் 2.54 என்பது 3 ஆகியிருக்கும், வரிசை 3, 2, 3 என்று தொடங்கியிருக்கும். இங்கே 2-இல் தொடங்குகிறது. ஆக, யாரோ திருத்தவில்லை, வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டியது யார்? நம் ஊர்க் காற்புள்ளி.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பை (π) மதிப்பை எப்படி எழுதுகிறார்கள்? 3,14. கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டரை ரேண்டை 12,50 என்று போட்டிருக்கும். தசமத்துக்குக் காற்புள்ளி என்பது இந்த நாட்டு வழக்கம். புது லேப்டாப்பில் விண்டோஸ் போடும்போது "எந்த நாடு" என்று கேட்டிருக்கும், நீங்கள் நேர்மையாகத் தென்னாப்பிரிக்கா என்று சொல்லியிருப்பீர்கள். அதுவும் தசமக் குறியைக் காற்புள்ளியாக வைத்துக்கொண்டது. பழைய லேப்டாப் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதில் நாடு அமெரிக்கா என்று இருந்தது என்று ஃபோனில் சொன்னார். அங்கே புள்ளி. அதனால்தான் அங்கே சண்டை வரவில்லை.

இப்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். போர்டு ஃபைலில் 2.54 என்று எழுதியிருக்கிறது. மென்பொருள் அதை எண்ணாக மாற்ற சி என்ற நிரல்மொழியின் வழக்கமான ஒரு செயல்கூறைக் கூப்பிடுகிறது. அது இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும், புரியாத எழுத்து வந்ததும் நின்றுவிடும், அதுவரை படித்ததைக் கையில் கொடுத்துவிடும். தசமக் குறி காற்புள்ளி என்று சொல்லி வைத்திருக்கும்போது அதன் கண்ணில் புள்ளி என்பது புரியாத எழுத்து. "2" என்று படித்தது, புள்ளியைப் பார்த்தது, நின்றது, இரண்டு என்று கொடுத்தது. நடுவில் ஏதோ மிச்சம் இருக்கிறதே என்று எழுதியவர் சோதிக்கவில்லை, அதனால் திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. பிழைகளிலேயே எனக்குப் பிடிக்காத ரகம் இதுதான். கத்தினால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே தப்பாகச் செய்கிறது.

உங்கள் அதிர்ஷ்டம், தடங்களை ஒன்றரை மில்லிமீட்டருக்கு வரைந்திருந்தீர்கள். அது 1 ஆகி மெலிந்ததோடு போயிற்று. 0.25 மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் அந்தக் கால் மில்லிமீட்டர் அப்படியே 0 ஆகித் தடமே காணாமல் போயிருக்கும். ஒரு வகையில் அது நல்லது, அரிக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

தடம் காலைத் தொடாமல் நிற்பதும் இதே வேலைதான். ஐசி 50.80 என்ற இடத்தில் இருக்கிறது, இரண்டாவது கால் அங்கிருந்து 2.54 தள்ளி. மொத்தம் 53.34. தடத்தின் முனையும் 53.34. வெட்டிய பிறகு ஐசி 50, கால் அதிலிருந்து 2, ஆக 52. தடத்தின் முனையோ 53. ஒரு மில்லிமீட்டர் பிரிவினை.

கோயம்புத்தூர் விசித்திரத்துக்கு வருவோம், அதில்தான் உங்கள் மருந்தும் இருக்கிறது. முதல் தடவை அனுப்பியபோது ஃபைலுக்குள் எல்லாம் ஒழுங்காக 2.54 என்றே இருந்தது. உங்கள் மென்பொருள் படித்த விதத்தில்தான் தப்பு. இந்தியாவில் தசமத்துக்குப் புள்ளி, அதனால் மருமகனுக்கு நன்றாகத் திறந்தது. பிறகு நீங்கள் சேவ் செய்தீர்கள். மென்பொருள் தன் கையில் இருந்த வெறும் இரண்டை, நம் ஊர் முறைப்படி 2,000000 என்று எழுதி வைத்தது. அந்த 0.54 போயே போய்விட்டது. அதன்பிறகு அந்த ஃபைலை எந்த ஊருக்கு அனுப்பினாலும் வராது. ரெசிஸ்டரை நகர்த்தியதில் ஒன்றும் இல்லை, சேவ் பட்டனில்தான் எல்லாம்.

ஆனால் முதல் மெயில் மருமகனிடம் இருக்கிறதே! அதோடு போன ஃபைல்தான் உங்கள் நல்ல பிரதி. அதைத் திரும்ப வாங்குங்கள். திறக்காதீர்கள். ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்து கண்ணால் பாருங்கள். 2.54, 7.62 போன்ற எண்கள் புள்ளியோடு இருந்தால் ஃபைல் ஆரோக்கியம். 2,54 என்று காற்புள்ளியோடு இருந்தாலும் பயமில்லை, எண் பிழைத்திருக்கிறது, அதை எழுதியது நம் ஊர்க் கணினி என்று மட்டும் அர்த்தம். எல்லாமே 2,000000, 5,000000 என்று சைபராக வழிந்தால் கைகழுவ வேண்டியதுதான்.

அப்புறம் மென்பொருளை மூடிவிட்டு, கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ், அங்கே டெசிமல் சிம்பல் என்ற இடத்தில் காற்புள்ளியை எடுத்துப் புள்ளியைப் போடுங்கள். நாட்டை மாற்ற வேண்டியதில்லை, தேதியும் ரேண்டும் அப்படியே இருக்கட்டும். நல்ல பிரதியைத் திறந்து, முதல் இரண்டு கால்களுக்கு நடுவே மென்பொருளிலேயே அளந்து 2.54 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நோட்பேடில் "எல்லாக் காற்புள்ளியையும் புள்ளியாக மாற்று" என்ற குறுக்கு வழி மட்டும் வேண்டாம். பல ஃபைல்களில் ஒரு எண்ணையும் அடுத்த எண்ணையும் பிரிப்பதே காற்புள்ளிதான். போர்டுக் கம்பெனிக்கு அனுப்பும் கெர்பர் ஃபைலையே எடுத்துக்கொள்ளுங்கள்: வட்ட முனை என்பதற்கு ஒரு எழுத்து, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு விட்டம். அதை மாற்றினால் ஃபைல் செத்தது. தசமமும் காற்புள்ளியாகப் போய் விழுந்தாலும் அதே கதிதான்.

அடுத்த தடவை அமிலத்தில் கை வைக்கும் முன் வெறும் தாளில் அசல் அளவில் அச்செடுங்கள். ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் தாளை வைத்து, ஐசியை அதன் படத்தின் மேல் குத்துங்கள். பதினாறு காலும் பதினாறு வட்டத்துக்குள் இறங்கினால் சரி. என் மேசை டிராயரில் குத்துப்பட்ட தாள்கள் ஒரு கட்டே இருக்கின்றன.

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று என்னைப் பெரிய ஆளாக நினைக்க வேண்டாம். ஆலையில் இதே பூதத்திடம் இரண்டு நாள் அடிபட்டவன் நான். கரும்பு லாரி நிற்கும் எடைமேடையில் இருந்து எடை ஒரு கம்பி வழியாக ஆபீஸ் கணினிக்குப் போகும். கருவி வெளிநாட்டுச் சரக்கு, 28.94 என்று புள்ளி வைத்து அனுப்பும். கணினி பழுதாகிப் புதிது வைத்தார்கள். அன்றிலிருந்து ரசீதில் எல்லா லாரியும் முழு டன்னாகவே வந்தது: 28, 31, 26. யாரும் கவனிக்கவில்லை. எடைமேடையின் டிஸ்ப்ளேயைப் பார்த்து சிகரெட் அட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து, "என் கரும்பில் முக்கால் டன்னுக்கு மேல் யார் தின்றது?" என்று மேசையைத் தட்டினார். லோடு செல், ஒயர், எர்த்து என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அந்த ஒற்றைக் குறிக்கு வந்து சேர்ந்தேன். பிடித்த மிச்ச எடையை எல்லா விவசாயிக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

கேள்வி: போர்டு மென்பொருள் கொடுக்கும் உதிரிபாகப் பட்டியலை எக்செலில் திறந்தால் எல்லாம் முதல் கட்டத்திலேயே ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதுவும் உங்கள் காற்புள்ளி வேலைதானா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: போன மாதம் வரை இல்லை என்று சொல்லியிருப்பேன் அம்மா. அதுவேதான். காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால், கட்டத்தைப் பிரிக்க எக்செல் அரைப்புள்ளியை எதிர்பார்க்கிறது. பட்டியலில் இருப்பதோ காற்புள்ளி. ஃபைலை இரட்டை கிளிக் செய்து திறக்காமல், எக்செலுக்குள் போய் டேட்டா என்ற இடத்திலிருந்து இறக்குமதி செய்யுங்கள். பிரிக்கும் குறி எது என்று அங்கே நீங்களே சொல்லலாம். தசமக் குறியையும் அங்கேயே புள்ளி என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 4.7 என்பது எண்ணாக வராது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தசமத்துக்குப் புள்ளி சரியா, காற்புள்ளி சரியா? பேரன் கால்குலேட்டரில் புள்ளி, அவன் நோட்டில் காற்புள்ளி.
— மீர்பேங்க் வாசகி

பதில்: இரண்டும் சரி டீச்சர். எடை, அளவைகளுக்கான பொது மாநாடு 2003-இல் இதை எடுத்துப் பேசி, தசமக் குறி புள்ளியாகவோ காற்புள்ளியாகவோ இருக்கலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. பெரிய எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க இரண்டையுமே பயன்படுத்தாமல் இடைவெளி விடச் சொன்னது. மனிதருக்கு இது போதும். பேரனின் நோட்டைப் படித்து நீங்கள் குழம்புவதில்லை. கணினிக்குத்தான் ஒரே முறை வேண்டும்: மனிதர் கண்ணுக்குக் காட்டும்போது அவர் ஊர் வழக்கம், ஃபைலுக்குள் எழுதும்போது எந்த ஊரானாலும் புள்ளி. அந்த மென்பொருளை எழுதியவர் இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. அவர் ஊரில் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும், அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

இன்னொரு வேடிக்கை, உங்களுக்குப் பிடிக்கும். 0.25-ஐ நாம் கால் என்கிறோம். ஐசிக்கு இருப்பதும் கால். இரண்டையும் தின்றது காற்புள்ளி. என் ஆயா உயிரோடு இருந்தால் இதற்கு ஒரு விடுகதை கட்டியிருப்பாள்.

கேள்வி: இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் மென்பொருள் செய்தவருக்கு எப்படி எழுதுவது? நான் ஒரு தடவை எழுதி, "என் கணினியில் நன்றாக ஓடுகிறது" என்று பதில் வந்து, கோபத்தில் விட்டுவிட்டேன்.
— டர்பன் பொறியியல் மாணவி

பதில்: அந்தப் பதில் பெரும்பாலும் பொய்யில்லை மகளே. அவர் கணினியில் நிஜமாகவே நன்றாக ஓடும். அதனால் அவர் கணினியிலும் கெட்டுப்போகும்படி வழி சொல்வதுதான் நம் வேலை. நம் சாட்ஸ்வொர்த் தம்பியோடு உட்கார்ந்து எழுதிய கடிதத்தின் சாரத்தைச் சொல்கிறேன். தேர், காவடி, மச்சான், வீணான போர்டு, ஒன்றும் அதில் இல்லை. வெறும் ஒரே ஒரு ஐசி வைத்த சின்ன ஃபைல். மென்பொருளின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு. "உங்கள் கணினியில் தசமக் குறியைக் காற்புள்ளியாக மாற்றுங்கள், இந்த ஃபைலைத் திறங்கள், முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் இடையே அளங்கள். 2.54 வர வேண்டும், 2 வரும்." அவ்வளவுதான், ஆறு வரி. "உங்கள் மென்பொருள் குப்பை" என்ற ஏழாவது வரியைத் தம்பி எழுதினார், நான் அடித்துவிட்டேன்.

காரணம் தெரிந்தால் அதையும் சொல்லலாம், ஆனால் பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காதே. "2 வருகிறது" என்பது பார்த்தது. "எண் படிக்கும் இடத்தில் வட்டார அமைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது" என்பது ஊகம். ஊகம் தப்பானாலும் பார்த்தது நிற்கும்.

கேள்வி: இந்தத் தலைவலியெல்லாம் இல்லாத போர்டு மென்பொருள் எது? காசு கொடுக்க வழியில்லை.
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: தலைவலியே இல்லாதது எதுவும் இல்லை. நான் கீகேட் பயன்படுத்துகிறேன். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 1992-இல் ழான் பியர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. பிறகு 2013 முதல் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்து ஆட்களும் அதில் கை கொடுத்தார்கள். பிரான்சிலும் காற்புள்ளிதான் தசமம், கவனியுங்கள். போர்டு ஃபைல் சாதாரண எழுத்தாகவே இருக்கும், நோட்பேடில் படிக்கலாம், எண்கள் எந்த நாட்டிலும் புள்ளியோடுதான். நினைவகத்துக்குள் தூரத்தை நானோமீட்டரில் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. 2.54 மில்லிமீட்டர் அங்கே 25 லட்சத்து 40 ஆயிரம். புள்ளியே இல்லை, வெட்ட ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்ள ஒரு வாரம் முட்டிக்கொள்ள வேண்டும், அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி: மெட்ரிக் நாட்டில் வாழ்ந்துகொண்டு ஏன் 2.54 என்று கோணல் எண்ணோடு மாரடிக்க வேண்டும்?
— வெருலம் வாசகர்

பதில்: அது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பழைய வகை ஐசியின் கால் இடைவெளியை அங்குலத்தில் வகுத்தார்கள், ஒட்டிக்கொண்டது. ஒரு அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-இல் ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டன, அந்த ஆறில் நம் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. ஆகவே இந்தக் கோணலில் நமக்கும் பங்கு உண்டு. போர்டின் மேல் ஒட்டும் சின்ன ஐசிகளில் 0.5, 0.65 என்று மெட்ரிக்கில் வருகின்றன. ஆனால் அவற்றைக் கையால் சாலிடர் பண்ண என் கண் இப்போது ஒத்துழைப்பதில்லை.

கடைசியாக: இதழ் அச்சுக்குப் போகும் முன் சாட்ஸ்வொர்த் தம்பி ஃபோன் செய்தார். மருமகன் முதல் மெயிலை அழிக்காமல் வைத்திருந்தான். தாளில் குத்திப் பார்த்தாராம், பதினாறும் இறங்கியது. மூன்றாவது போர்டு தயார். ஏழு வரிசையில் ஆறு ஓடுகிறது, ஏழாவது எரியவில்லை. அது மென்பொருள் இல்லை தம்பி, சாலிடரைப் பாருங்கள்.